கடலுக்குப் போய் ஏலக்காய் வாங்கி வந்த கதை

கொச்சியில் சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் தயங்காமல் என்னிடம் அனுப்புங்கள். இரண்டு நாள் அங்கே இருந்து, பார்க்க வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்து வந்தவன் நான். அந்த ஒன்றைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனோம் என்பதை மட்டும் கிளறாதீர்கள்.

என் தொழிலைச் சொன்னால்தான் நடந்தது புரியும். இடுக்கி மலையில், சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் எங்கள் வீடு. வீடு என்றால் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு குடும்பம். அதுவும் என் மனைவி கொழுந்து எடுக்கப் போவதால் கம்பெனி கொடுத்தது. நான் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறேன். விடியுமுன் எழுந்து, ஊர் பேர் தெரியாதவர்களையெல்லாம் மலை உச்சிக்கு ஏற்றிப் போய்ச் சூரியன் எழுவதைக் காட்டுவேன். அவர்கள் கைதட்டுவார்கள். சூரியனை நானே செய்து கொண்டுவந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு நிற்பேன்.

இந்தத் தொழிலில் பொய் சொல்லாமல் ஒரு நாள் ஓடாது. "ஏழு வியூ பாயிண்ட் காட்டுறேன்" என்போம். அதில் நான்கு, வண்டியை ஓரம் கட்ட இடம் இருக்கிற வளைவுகள். யானையைக் கேட்டால் "நேத்துத்தான் இங்ஙன நின்னுச்சு" என்போம். வருகிறவர் யோசித்தால் "இப்பப் போனாத்தான் சார், அரை மணி நேரத்துல மூட்டம் மூடிரும்" என்போம். மூடியே கிடந்தால் "பத்து நிமிஷம் நில்லுங்க, விலகிரும்" என்போம். திரும்பும் வழியில் வாசனைப்பொருள் தோட்டத்தில் நிறுத்தி, "சும்மா பாருங்க, வாங்கவே வேண்டாம்" என்போம். சும்மா பார்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் சூரியனைக் காட்டுகிறவனின் மனைவிக்கு ஒரு ஆசை. சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவள், கொஞ்ச நாளில் வேலையிலிருந்து நிற்கப் போகிறாள். நின்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். திருப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு அவள் போவதாகப் பேச்சு. திருப்பூரில் கடல் கிடையாது. மலையும் கிடையாது என்பதால் ஜீப்பை ஓட்டிப்போய் நான் அங்கே எதைக் காட்டுவது என்பது தனிக் கவலை.

"நம்ம ஊர்ல பொழுது எங்கங்க விழுது? நாலரைக்கே மலைக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிடுது," என்றாள். "சின்னப் புள்ளையில திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க எந்திரிக்கிறதப் பாத்தாச்சு. விழுறதத்தான் பாக்கல. போறதுக்குள்ள ஒருதடவ காட்டிருங்க."

நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. சூரியனைக் கேட்டாள். அதுதான் நம் சரக்காயிற்றே என்று எனக்கு ஒரே தெனாவெட்டு.

கார்த்திகை கழிந்து இரண்டு நாள் வண்டிக்கு லீவு சொன்னேன். கிளம்பும்போதே எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய காரியத்தைச் செய்தோம். ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர், அவளுக்குக் காதை மூட ஸ்கார்ஃப், எனக்கு மப்ளர், கம்பளி ஒன்று. எங்களைப் பொறுத்தவரை வெளியூர் என்றால் குளிரும். அடிமாலியில் ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினோம். நேரியமங்கலத்தில் அடுத்ததையும் மப்ளரையும் கழற்றினோம். எர்ணாகுளத்தில் இறங்கும்போது பை பிள்ளைத்தாய்ச்சி வயிறுபோல முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. அந்தப் பையைத்தான் இரண்டு நாளும் சுமந்தேன்.

படகேறி ஃபோர்ட் கொச்சி போய்ச் சேர்ந்து, தெரிந்த டிரைவர் சொன்ன வீட்டில் அறை எடுத்தோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் குளித்து, புதுச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். நான் மனதில் ஒரு திட்டம் வைத்திருந்தேன். முதல் நாள் கடைத்தெரு, மறுநாள் மற்ற இடங்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் சூரியன். நல்லதைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழில் தர்மம். முன்னால் பார்த்த நான்கு வளைவுகளையும் வருகிறவர் மறந்துவிடுவார்.

தெருமுனையில் ஒரு ஆட்டோக்காரர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும், நரைத்த மீசை. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுத் தமிழும் மலையாளமும் கலந்து பேச ஆரம்பித்தார்.

"அண்ணா, பீச்சுக்கா? இன்னிக்கு வானம் நல்ல தெளிவு கேட்டோ. நாளைக்கு மழ வரும், ரேடியோவில் சொல்லிட்டுண்டு. சூரியன் பாக்கணுமென்னா இப்போ போகணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்பப் போனாத்தான்! என் வசனத்தை என்னிடமே சொல்கிறார். பாம்பின் கால் பாம்பறியும்.

"வேண்டாம். நாங்க நடந்தே போய்க்கிறோம்," என்றேன்.

"நான் வீட்டுக்குப் போறது அந்த வழிதான். காசு வேண்டா. சேச்சி, ஏறிக்கோ."

காசு வேண்டாமாம். அதோடு எனக்குச் சந்தேகம் உறுதியாயிற்று. சும்மா ஏற்றிப்போய் எந்தக் கடை வாசலில் நிறுத்துவார், அந்தக் கடைக்காரர் பிறகு அவருக்கு என்ன கொடுப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. நானும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தானே.

"ஏங்க, சும்மாதான கூப்பிடுதாரு. ஏறிப் போவமே," என்றாள் மனைவி.

"சும்மாங்கிற வார்த்தைய எனக்கே சொல்லிக்குடுக்கியா? நம்ம சோறே அந்த வார்த்தையிலதான் வேகுது. பேசாம வா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவள் வானத்தை ஒருமுறை பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை. என் பின்னால் நடந்தாள். முப்பது வருஷம் சங்கு ஊதினால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நின்றவள். போ என்ற பக்கம் போவது அவளுக்குப் பழகிவிட்டது. அதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கடைத்தெருவுக்குப் போனோம். பழைய சரக்குக் கிட்டங்கிகள் நிறைந்த தெரு. பித்தளை விளக்கு, மரயானை, முகமூடி, நாலு தலைமுறை பழையது என்று சொல்லப்படும் போன மாதத்துப் பெட்டி. ஆட்டோக்காரர் வலையில் விழாமல் மனைவியைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். மூன்றாவது கடை வாசலில் ஒரு பெண், இருபத்தைந்து வயதிருக்கும், இரண்டு கைகளையும் குவித்து, "சும்மா பாருங்க சார், வாங்கவே வேண்டாம்" என்றாள்.

உள்ளே போய்விட்டேன். எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

உள்ளே சுவர் முழுக்கத் தேயிலைத் தோட்டம். படத்தில் ஒரு பெண் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கொழுந்து எடுக்கிறாள். காலில் அட்டைக்கடி இல்லை, இடுப்பில் நனையாமல் கட்டும் படங்குச் சாக்கு இல்லை, நகத்தில் கறை இல்லை. அந்தக் கடைக்காரப் பெண் என் மனைவியின் முன்னால் ஒரு தட்டை நீட்டி, இரண்டு இலையும் ஒரு குருத்தும் சேர்த்து எப்படிக் கிள்ள வேண்டும் என்று விரலால் செய்து காட்டினாள். மலைப் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே எடுப்பார்களாம். கொல்லன் தெருவில் ஊசி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என் மனைவி அத்தனையையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரு சிட்டிகைத் தூளை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தாள்.

"தாயி, இது கடைசிச் சல்லடைத் தூளு. மழை பட்ட கொழுந்து வேற. ஒரு வருஷம் கெடந்திருக்கும். வெயில்ல வைக்காத, இன்னும் கெட்டுப்போவும்," என்றாள்.

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் பாதிதான் புரிந்தது என்றாலும் மீதியை என் மனைவியின் விரல்களைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். கொழுந்துக் கறை ஏறி வெடித்த அந்த விரல்களையும் சுவரில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பேச்சை நிறுத்திவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காருங்கம்மா" என்றாள். அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதுதான் வினையாயிற்று. நல்ல முகத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு எப்படிக் கிளம்புவது? ஒரு பாக்கெட் ஏலக்காய் வாங்கினேன். திருப்பிப் பார்த்தால் எங்கள் இடுக்கி ஏலக்காய். ஜீப்பை அரைமணி நேரம் ஓட்டினால் செடியோடு பார்க்கலாம்.

வெளியே வந்தபோது தெரு சிவந்திருந்தது. இரண்டு பக்கமும் உயரமான சுவர்கள், நடுவில் ஒரு கீற்று வானம். அந்தக் கீற்று முழுவதும் செம்பருத்தி நிறம். என் மனைவி நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள் முகத்திலும் அந்தச் சிவப்பு விழுந்தது. பின்னால் ஒரு ஸ்கூட்டர்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

"விழுது போல இருக்குங்க," என்றாள்.

"நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொன்னேன்ல. சூரியன் எங்க போயிரும்?" என்றேன். கையில் ஏலக்காய்.

மறுநாள் காலையில் சீன வலை பார்த்தோம். பெரிய மரச்சட்டத்தில் வலையைக் கட்டிக் கடலில் இறக்குகிறார்கள், கல்லைக் கட்டித் தொங்கவிட்ட கயிற்றை ஐந்தாறு பேர் இழுத்து ஏற்றுகிறார்கள். வலைக்காரர்கள் வெள்ளைக்காரர்களைக் கூப்பிட்டுக் கயிற்றைக் கொடுக்க, அவர்கள் வியர்த்து வழிய இழுத்துவிட்டுக் காசும் கொடுத்துப் போனார்கள். வலையில் நான்கு நெத்திலியும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் இருந்தன. "நம்ம ஊர்ல வந்து கூடைய மாட்டிக்கிட்டுப் போட்டோ எடுக்குறாங்கள்ல, அதே கதைதான்," என்றாள் மனைவி. "வேலை பாக்குறவங்களுக்குத்தான் அது வேலை. மத்தவங்களுக்கு வேடிக்கை."

பிறகு மீன் கடை. நாமே மீனைக் காட்டினால் எதிர்க்கடையில் பொரித்துத் தருவார்கள். கடைக்காரர் எடை போடும்போது நான் தராசையே முறைத்துக்கொண்டு நின்றதில் அவருக்குக் கோபம் வந்து, மீனையும் தராசையும் என் கையில் கொடுத்து, நீயே போட்டுக்கொள் என்றார். போட்டேன். அவர் சொன்னதைவிட மீன் கொஞ்சம் கூடவே இருந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். அங்கேயாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேற்கே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. மூன்றுக்கு அது மதில்போல உயர்ந்துவிட்டது. நான்கு மணிக்கே போய்க் கடலோர நடைபாதையில் ஒரு பெஞ்சில் இடம் பிடித்து அவளை உட்காரவைத்தேன். வானம் ஆட்டுக்கல்போல இருந்தது.

"மழை வருங்க போல," என்றாள்.

"பத்து நிமிஷம் இரு. விலகிரும்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. எங்கள் மலையில் அது பாதிப் பொய்தான். காற்றடித்தால் மூட்டம் சில நேரம் விலகவும் செய்யும். கடல் மேகத்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது என்று எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிஷம் ஆயிற்று. இன்னொரு பத்து நிமிஷம் என்றேன். ஐந்தரைக்கு முதல் துளி விழுந்தது. பஞ்சுமிட்டாய்க்காரர் ஓடினார், பலூன்காரர் ஓடினார், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். எங்கள் ஸ்வெட்டர்களுக்கு அப்போதுதான் வேலை வந்தது. ஒன்றை அவள் தலையில் போட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. கடலும் வானமும் ஒன்றாகி ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்துக் காட்டில் எத்தனையோ மழையில் நனைந்தவள்தான், ஆனால் அன்றைக்கு அவள் நனைவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என்மேல் எனக்கே அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. அதே நரைத்த மீசை. "ஏறிக்கோ," என்றார்.

ஏறினோம். வழியெல்லாம் அவர் வாயைத் திறப்பார், "நான் சொன்னேனில்லயா" என்பார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் துண்டை எடுத்து என் மனைவியிடம் கொடுத்தார், அவ்வளவுதான். அறை வாசலில் இறங்கும்போது மட்டும் அவளைப் பார்த்துச் சொன்னார். "சேச்சி, என் நம்பர் வச்சுக்கோ. தெளிஞ்ச நாளா என்று கேட்டுட்டு வந்தால் போதும். நான் உள்ளது உள்ளபடி சொல்லும்."

மறுநாள் சாயங்காலம் எனக்கு ஜீப் ட்ரிப்பு இருந்தது. காலையிலேயே பஸ் ஏறினோம். மேலே ஏற ஏறக் கழற்றியதையெல்லாம் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டோம். அவள் ஸ்வெட்டர் இன்னும் ஈரமாக இருந்தது.

லயத்தில் இறங்கியதும் அவளோடு கொழுந்து எடுக்கும் பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "கொச்சியில என்னக்கா பாத்தீங்க?"

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாகச் சொன்னாள். "என்னத்தச் சொல்ல? தேயிலத் தூளு பாத்தோம். ஏலக்கா பாத்தோம். மழை பாத்தோம்."

ஆறு வீட்டிலும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நானும் சிரித்து வைத்தேன். அந்த ஏலக்காய் பாக்கெட்டை அவள் அடுப்புக்கு மேலே எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். யார் வந்தாலும் அதிலிருந்து ஒன்றைத் தட்டிப் போட்டு டீ கொடுத்து, "கொச்சி ஏலக்கா" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருக்கலாம்.

தை பிறந்ததும் அவள் கொழுந்தெடுக்கும் கேங்கில் உள்ள பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பிடித்தார்கள். அவள் வேலையிலிருந்து நிற்பதற்கு முன் ஒரு நாள் சேர்ந்து போய்வருவதாம். எங்கே என்றேன். கொச்சி என்றாள். நான் ஜீப் டிரைவர், அவள் புருஷன், வேனோ வேறொருவருடையது.

"நானும் வரட்டா?" என்றேன்.

"பொம்பளைங்க மட்டும் போறோம்," என்றாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "அண்ணே, நாளைக்கு வானம் எப்படி?" என்று கேட்டாள். மறுபக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. "சரிண்ணே, அப்ப வாறோம்," என்று சிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் நான் ஒரு வளைவில் எட்டுப் பேரோடு நின்றிருந்தேன். மலையை மூட்டம் மூடியிருந்தது. கோயமுத்தூரிலிருந்து வந்த ஒருவர், "விலகுமா?" என்று கேட்டார். "பத்து நிமிஷம் நில்லுங்க சார்" என்று சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது.

"கேக்குதா?" என்றாள்.

"என்னது?"

"அலை. போனைக் கீழ பிடிக்கேன், கேளுங்க."

ஒரே இரைச்சல். நடுவில் பெண்கள் கத்துவதும் சிரிப்பதும் கேட்டது. யாரோ சேலை நனைந்துவிட்டது என்று கூப்பாடு போட்டார்கள். பிறகு அவள் குரல் வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு. "இப்பத்தாங்க விழுந்துச்சு. முழுசா. கடைசிவரைக்கும் பாத்தேன்."

முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் குரலை அப்படி நான் கேட்டதில்லை. "எப்படி இருந்துச்சு? சொல்லேன்," என்றேன்.

அவளை யாரோ தண்ணீருக்குள் கூப்பிடுவது கேட்டது.

"நாளைக்குப் பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அவள் திரும்பி வந்து மூன்று வாரமாகிறது. இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன், அதே பதில்தான். மாதக் கடைசியில் லயத்துச் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு அவள் திருப்பூர் வண்டி ஏறுகிறாள். சீசன் முடியும்வரை நான் ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறையில் இருக்க வேண்டியதுதான். மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மூன்றாவது முறை கேட்க எனக்கு வாயில்லை.